அலுவலகக் கேள்வி–பதில்: ஊழியரின் மெயிலை முதலாளி திறக்கலாமா?

இந்த முறை அலுவலக மெயில் பற்றிய கேள்விகள் மட்டும். சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் வைத்திருப்பது கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, அல்லது வெப்சைட் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வரும் சாதாரண மெயில். பதில்களும் இந்த மூன்றை ஒட்டியே இருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் ஒன்பது பேர். எல்லாருடைய மெயில் பாஸ்வேர்டும் என்னிடம் இருக்கிறது. என் போனில் ஒன்பது கணக்கையும் சேர்த்து வைத்து அவ்வப்போது பார்ப்பேன். இப்போது இரண்டு பேர், "வந்த மெயில் ஏற்கெனவே படித்ததாகக் காட்டுகிறது, அதனால்தான் கவனிக்கவில்லை" என்கிறார்கள். சாக்கா, உண்மையா?

உண்மை. ஐமேப் முறையில் (மெயில் சர்வரிலேயே இருக்கும், எல்லாக் கருவியும் அதையே காட்டும்) படித்தது, படிக்காதது என்ற குறி சர்வரில் இருக்கிறது, ஆளுக்கு ஆள் தனியாக இல்லை. நீங்கள் போனில் திறந்த கையோடு அவர் திரையில் தடித்த எழுத்து மெலிந்துவிடும். காலையில் வந்து தடித்திருப்பதை மட்டும் திறந்து வேலை செய்கிறவர் கண்ணில் அந்த மெயில் படவே படாது. கொட்டேஷன் போகாமல் நின்றதற்கு இது ஒன்றே போதும். மெயிலைச் சர்வரிலிருந்து கருவிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் சேர்த்திருந்தால் இன்னும் மோசம். சர்வரில் நகல் விடும்படி டிக் செய்யாத கணக்கில் மெயில் உங்கள் போனுக்கு இறங்கிய பிறகு அங்கே இருக்காது.

இதைவிடப் பெரிய சேதம் ஒன்று இருக்கிறது. ஒரு கணக்கின் பாஸ்வேர்ட் இரண்டு பேருக்குத் தெரிந்துவிட்டால், அதிலிருந்து போன எந்த மெயிலுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது. விலைப்பட்டியலை வெளியே அனுப்பினார் என்று நாளைக்கு நீங்கள் ஒருவரைக் கேட்டால், "பாஸ்வேர்ட் முதலாளியிடமும் இருந்ததே" என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கண்காணிக்கப் போய்க் கையில் இருந்த சாட்சியத்தைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

முதலில் ஒன்பது கணக்கையும் போனிலிருந்து நீக்குங்கள். பாஸ்வேர்டை அவரவரே மாற்றட்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்பை எல்லாருக்கும் கட்டாயமாக்குங்கள். எல்லாக் கணக்கையும் நிர்வகிக்கும் அட்மின் கணக்கு என்று ஒன்றைத் தனியாக வையுங்கள். அதில் நீங்கள் தினசரி மெயில் பார்க்கக் கூடாது.

அடுத்து, யோசித்துப் பாருங்கள்: ஒன்பது இன்பாக்ஸையும் எட்டிப் பார்த்தது எதற்காக? பெரும்பாலும் "வாடிக்கையாளருக்குப் பதில் போனதா" என்ற ஒரே கேள்விக்காகத்தான். அதற்கு ஆள் பெயரில் இல்லாமல் வேலையின் பெயரில் முகவரி வேண்டும். விற்பனைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, புகாருக்கு ஒன்று. வெளியே அச்சடிக்கும் விசிட்டிங் கார்டு, வெப்சைட், இன்வாய்ஸ் எல்லாவற்றிலும் அவையே இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் 365-இல் இதற்குப் பகிர்ந்த மெயில்பாக்ஸ் இருக்கிறது. 50 ஜிபி வரை தனி லைசென்ஸ் வாங்க வேண்டாம், அவரவர் தன் பாஸ்வேர்டிலேயே நுழையலாம். கூகுளில் குரூப் உருவாக்கி அதைக் கூட்டு இன்பாக்ஸாக மாற்றலாம். ஒவ்வொரு மெயிலையும் ஒருவர் பெயரில் ஒதுக்கி, முடிந்ததும் முடிந்தது என்று குறிக்க வசதி உண்டு. இவற்றை நீங்கள் திறந்து பார்த்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது யாருடைய தனி இன்பாக்ஸும் இல்லை.

மைக்ரோசாஃப்ட்டில் ஒரு பள்ளம்: பகிர்ந்த மெயில்பாக்ஸின் பெயரில் அனுப்பிய மெயில், அனுப்பியவரின் சொந்த 'அனுப்பியவை' ஃபோல்டரில் போய் உட்காரும். பகிர்ந்த பெட்டியைத் திறந்தால் பதிலே போகாதது போலத் தோன்றும், இன்னொருவர் அதே பதிலை இரண்டாம் முறை அனுப்புவார். அட்மின் பக்கத்தில் அந்தப் பெட்டியின் அமைப்பைத் திறந்து, அனுப்பியவற்றின் நகல் அங்கேயும் சேரும்படி ஒரு முறை மாற்றிவிட்டால் போதும்.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே கண்காணிக்க முடியுமா? எனக்குப் படிப்பதில் ஆர்வம் இல்லை, தலைவலி வராமல் இருந்தால் சரி.

முடியும். பத்தில் ஒன்பது தலைவலிக்கு அதுவே போதும் என்பது எங்கள் கருத்து.

மெயில் சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு வரி எழுதி வைக்கிறது: யார், யாருக்கு, எப்போது, என்ன தலைப்பு, போய்ச் சேர்ந்ததா திரும்பியதா. உள்ளடக்கம் அதில் இருக்காது. கூகுள் அட்மின் பக்கத்தில் இதன் பெயர் ஈமெயில் லாக் சர்ச். கடைசி 30 நாளுக்குத் தாராளமாகத் தேடலாம். அதற்கு முந்தையது வேண்டுமானால் பெறுநர் முகவரியும் அந்த மெயிலின் மெசேஜ் ஐடியும் (ஒவ்வொரு மெயிலுக்கும் உள்ள தனி அடையாளக் குறி) கையில் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டில் மெசேஜ் ட்ரேஸ், 90 நாள் வரை பின்னோக்கிப் போகலாம். சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் உள்ள ஹோஸ்டிங்கில் ட்ராக் டெலிவரி என்று இருக்கும். "அனுப்பினேன், அவர்களுக்குத்தான் கிடைக்கவில்லை" என்ற வாக்குவாதம் இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

இரண்டாவது வேலை, தானாக வெளியே ஃபார்வர்ட் ஆவதை அடைப்பது. ஊழியர் ஒருவர் தன் மெயில் முழுவதும் சொந்த ஜிமெயிலுக்குப் போகும்படி ஒரு தடவை அமைத்துவிட்டால், அவர் வேலையை விட்டுப் போன பிறகும்கூட அது ஓடிக்கொண்டிருக்கும். கூகுளில் ஜிமெயில் அமைப்புகளில் 'எண்ட் யூசர் ஆக்சஸ்' பகுதியில் தானியங்கி ஃபார்வர்டிங்குக்கு ஒரு டிக் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் ஐமேப், பாப் அனுமதியும் இருக்கும். யாருக்கும் தேவையில்லையென்றால் அதையும் மூடலாம். மைக்ரோசாஃப்ட்டில் வெளியே தானாக ஃபார்வர்ட் ஆவது இப்போது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. 5.7.520 என்ற எண்ணோடு ஒரு மெயில் திரும்பி வந்தால் யாரோ முயன்றிருக்கிறார் என்று பொருள்.

மூன்றாவதாக உள்ளடக்க விதிகள் வைக்கலாம்: கார்டு எண் வடிவத்தில் எண்கள் வெளியே போனால் நிறுத்து, குறிப்பிட்ட கோப்புப் பெயர் போனால் தகவல் சொல் என்பது போல. இங்கே ஆசைப்படக் கூடாது. "விலை", "ரகசியம்", "ரெஸ்யூம்" என்று சொற்களை அடுக்கினால் நாள் முழுக்க எச்சரிக்கை வரும், இரண்டு வாரத்தில் அதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். உங்கள் விலைப்பட்டியல் கோப்பின் அடியில் வெளியே எங்கும் வராத ஓர் எழுத்துச் சேர்க்கையைப் போட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் விதி வைத்துப் பாருங்கள். தப்பான எச்சரிக்கை கிட்டத்தட்ட வராது. பாஸ்வேர்ட் போட்ட ஜிப் கோப்புக்குள் எந்த விதியும் எட்டிப் பார்க்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லா மெயிலுக்கும் எனக்கு ஒரு பிசிசி நகல் (மற்றவர்களுக்குத் தெரியாத நகல்) வரும்படி வைத்துக் கொடுக்கிறேன் என்கிறார் ஹோஸ்டிங் ஆள். செய்யலாமா?

வேண்டாம். கணக்கைப் பாருங்கள். பத்து ஊழியர், ஆளுக்கு நாளுக்கு 60 மெயில், சராசரி 200 கேபி என்று வைத்தால் நாளுக்கு 120 எம்பி, 25 வேலை நாளில் 3 ஜிபி. உள்ளுக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பியது இரண்டு முறை வேறு விழும். ஹோஸ்டிங் மெயில்பாக்ஸ் சில மாதத்தில் நிரம்பும். நிரம்பிய பெட்டி மெயிலைத் திருப்பி அனுப்பும், நகல் போகாத அறிவிப்பு சில அமைப்புகளில் மூல அனுப்புநருக்கே போய்ச் சேரும். உங்கள் வாடிக்கையாளருக்கு, நீங்கள் ரகசியமாக நகல் எடுக்கிறீர்கள் என்று நீங்களே கடிதம் போட்டது போலாகும்.

இன்னொன்று. சிபேனலில் ஃபில்டர் போட்டுச் செய்தால் உள்ளே வருவது மட்டும்தான் பிடிபடும். வெளியே போவது அந்த வழியில் வராது. உங்களுக்குக் கவலை தருவதோ வெளியே போவது.

பழைய மெயில் வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் கேட்க வேண்டியது ஆவணக் காப்பு. கூகுளில் அதன் பெயர் வால்ட், பிசினஸ் பிளஸ் திட்டத்திலிருந்து சேர்ந்து வருகிறது. "எல்லா மெயிலையும் 3 ஆண்டு வை" என்று விதி எழுதினால், ஊழியர் நீக்கினாலும் பின்னால் ஒரு பிரதி இருக்கும். ஒரு எச்சரிக்கை: இத்தனை நாளில் அழி என்ற விதியைத் தவறான எண்ணோடு சேமித்தால், பழைய மெயில் உடனே அழியத் தொடங்கிவிடும். முதலில் ஒரே ஒரு சோதனைக் கணக்குக்கு வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு எல்லாருக்கும் விரியுங்கள். மைக்ரோசாஃப்ட்டில் எல்லா மெயிலுக்கும் நகல் எடுக்கும் ஜர்னலிங் விதி உண்டு, ஆனால் நகல் சேரும் முகவரி மைக்ரோசாஃப்ட்டின் சொந்த மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனின் மெயில்பாக்ஸாக இருக்கக் கூடாது, வெளியே ஓர் ஆவணக் காப்புச் சேவை வேண்டும். சிறு நிறுவனத்துக்கு, பெட்டியில் எதுவும் அழியாமல் பிடித்துவைக்கும் லிட்டிகேஷன் ஹோல்ட் எளிது. அதற்கு எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பிளான் 2, அல்லது பிளான் 1-உடன் ஆன்லைன் ஆர்க்கைவிங் லைசென்ஸ் தேவை.

தேவைப்பட்டால் எடுக்கும்படி வைத்திருப்பது வேறு, தினமும் படிப்பது வேறு. முன்னதற்குப் பெரும்பாலும் ஊழியர்களும் மறுப்புச் சொல்வதில்லை.

மெயில் முகவரி கம்பெனியுடையது, கம்ப்யூட்டரும் கம்பெனியுடையது. எதற்கு ஊழியரிடம் சொல்ல வேண்டும்?

முகவரி உங்களுடையது என்பது சரி. ஆனால் சொல்லாமல் பார்த்த முதலாளிகள் தோற்றிருக்கிறார்கள்.

ருமேனியாவில் ஒரு பொறியாளர், வாடிக்கையாளருடன் பேசுவதற்காக நிறுவனம் திறக்கச் சொன்ன யாஹூ மெசஞ்சர் கணக்கில் தன் அண்ணன் தம்பியிடமும் மணக்கப்போகும் பெண்ணிடமும் பேசினார். நிறுவனம் 2007 ஜூலையில் அதைப் பதிவு செய்து, 45 பக்க அச்சுப் பிரதியை அவர் முன் வைத்து வேலையை விட்டு நீக்கியது. கம்பெனிக் கருவிகளைச் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கே எழுதப்பட்ட விதி இருந்தது, அவருக்கும் தெரியும். இருந்தும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2017 செப்டம்பரில் 11-க்கு 6 என்ற கணக்கில் அவருடைய அந்தரங்கம் காக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. தடை விதி இருந்தது, ஆனால் உள்ளடக்கம் வரை பார்ப்போம் என்று முன்கூட்டிச் சொன்னார்களா, இவ்வளவு தூரம் போகக் காரணம் இருந்ததா, இதைவிடக் குறைவான தலையீட்டில் முடித்திருக்கலாமா என்பதையெல்லாம் அந்த நாட்டு நீதிமன்றங்கள் சரியாகக் கேட்கவில்லை என்பதே அதன் சாரம். இந்த மூன்று கேள்வியையும் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கச் சட்டம் முதலாளிக்குத் தாராளமானது என்ற பேச்சு உண்டு. அங்கேயும் நியூயார்க் மாநிலத்தில் 2022 மே 7 முதல், வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் அறிவித்துக் கையெழுத்து வாங்கி, அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் தனிநபர் தரவைக் காக்கும் ஜிடிபிஆர் சட்டம். அங்கே ஊழியரிடம் வாங்கும் சம்மதக் கையெழுத்து மட்டும் போதாது, வேலை போய்விடுமே என்ற பயத்தில் போட்ட கையெழுத்தை மனமுவந்து போட்டதாக எடுத்துக்கொள்வது கடினம் என்பதால். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பது போன்ற வேலை சார்ந்த காரணங்களைத் தனிச் சம்மதம் வேண்டாத பட்டியலில் சேர்த்திருக்கிறது. சும்மா எட்டிப் பார்க்கும் ஆசை அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் நோட்டீஸைக் காட்டிவிட்டு வெளியிடுங்கள்.

நோட்டீஸ் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

"நிறுவன மெயில் முகவரிகள் வேலைக்காக. எல்லா மெயிலும் 3 ஆண்டு சேமிக்கப்படும். அனுப்புநர், பெறுநர், நேரம், தலைப்பு ஆகிய விவரங்களை அட்மின் பார்க்கலாம். உள்ளடக்கத்தை நான்கு சமயங்களில் மட்டும் திறப்போம்: ஊழியர் விடுப்பில் இருக்கும்போது அவசர வேலை, பாதுகாப்புக் கோளாறு, முறைகேடு பற்றிய எழுத்துப்பூர்வமான சந்தேகம், சட்டப்படியான உத்தரவு. திறக்கும்போது இருவர் இருப்பர், தேதியும் காரணமும் குறிக்கப்படும். 'சொந்தம்' என்று தலைப்பிட்ட மெயிலைத் திறக்க மாட்டோம், அதில்தான் பிரச்சினை இருக்கிறது என்று கருத ஆதாரம் இருந்தாலொழிய. உங்கள் தனிப்பட்ட மெயில் கணக்குகளை எந்தக் காரணத்துக்காகவும் திறக்க மாட்டோம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஊழியர் தன் ஜிமெயிலிலிருந்து லாக் அவுட் செய்யாமல் போயிருந்தாலும் அந்தக் கதவு உங்களுக்குத் திறந்திருப்பதாகப் பொருளில்லை.

விற்பனையில் இருக்கும் ஒருவர் எங்கள் விலைப்பட்டியலைப் போட்டி நிறுவனத்துக்கு அனுப்புவதாகச் சந்தேகம். எங்கிருந்து தொடங்குவது?

அவரைக் கூப்பிட்டுக் கேட்பதிலிருந்து தொடங்காதீர்கள். கேட்ட பத்து நிமிடத்தில் மெயில் காலியாகிவிடும்.

முதலில் ஒரு தாளில் தேதியோடு எழுதுங்கள்: எதனால் சந்தேகம், எந்தக் கோப்பு, எந்தக் காலம். "ஒரு மாதிரியாக நடந்துகொள்கிறார்" என்பதைத் தவிர எழுத ஒன்றும் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, எதையும் பார்ப்பதற்கு முன்னால் அழிவதைத் தடுங்கள். வால்டில் 'மேட்டர்' (விசாரணைக் கோப்பு) ஒன்றைத் திறந்து அந்தக் கணக்குக்கு ஹோல்ட் போடுங்கள். மைக்ரோசாஃப்ட்டில் லிட்டிகேஷன் ஹோல்ட். அமலாகச் சில மணி நேரம் ஆகலாம், அவசரப்படாதீர்கள். இவை இல்லாத திட்டம் என்றால் காலக்கெடு இதுதான்: ஜிமெயிலில் குப்பையில் 30 நாள் இருக்கும், அங்கிருந்தும் போன பிறகு 25 நாளுக்குள் அட்மின் மீட்கலாம். மைக்ரோசாஃப்ட்டில் முழுதாக நீக்கிய பிறகு இயல்பாக 14 நாள். அதை 30 ஆக உயர்த்தலாம், ஆனால் முன்கூட்டியே செய்திருக்க வேண்டும். சந்தேகம் எதுவும் இல்லாத இன்றைக்கே செய்துவிடலாமே.

பிறகு லாக், அதாவது முன்பு சொன்ன மெயில் சர்வர் பதிவு. அந்த ஊழியரிடமிருந்து போட்டி நிறுவனத்தின் டொமைனுக்கோ (முகவரியில் @ குறிக்குப் பின்வரும் பகுதி), அவருடைய சொந்த முகவரிக்கோ அந்தத் தேதிகளில் ஏதாவது போயிருக்கிறதா? இல்லையென்றால் இன்பாக்ஸைத் திறக்கக் காரணமே இல்லை. இருந்தால், அந்த முகவரி, அந்தத் தேதி வரம்பு, அந்தக் கோப்புப் பெயர் மூன்றையும் போட்டுத் தேடுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் திறந்துகொண்டே போகக் கூடாது. பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும், அந்த ஊழியரோடு முன்பகை இல்லாதவராக. என்ன தேடினீர்கள், எத்தனை மெயில் வந்தது, எதைத் திறந்தீர்கள் என்று அவர் எழுதிக்கொண்டே வரட்டும்.

கிடைத்ததை உங்களுக்கே ஃபார்வர்ட் செய்து வைக்காதீர்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ஃபார்வர்ட் செய்தது புது மெயில், பழைய ஹெடர் (மெயில் வந்த வழியையும் நேரத்தையும் சொல்லும் மறைவான வரிகள்) அதில் இருக்காது. ஸ்க்ரீன்ஷாட் அதைவிட பலவீனம். மூல மெயிலை ஹெடரோடு அப்படியே சேமிக்கும் இஎம்எல் கோப்பாக இறக்குங்கள், அல்லது வால்டிலிருந்து எம்பாக்ஸ், பிஎஸ்டி வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். அந்தக் கோப்புக்கு ஷா-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்றது) எடுத்து, வருகிற 64 எழுத்துச் சரத்தை அந்தத் தாளிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் சரம் முழுதாக மாறிவிடும் என்பதால், பிற்பாடு "நீங்களே திருத்தினீர்கள்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஹெடரைப் படிக்கும்போது 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கடைசி வரிதான் மெயில் புறப்பட்ட இடம். நேரத்தின் வாலில் +0000 என்றிருந்தால் அது உலகப் பொது நேரம். 20:30 என்று பார்த்துவிட்டு, "எல்லாரும் போன பிறகு ராத்திரி எட்டரைக்கு உட்கார்ந்து அனுப்பியிருக்கிறாய்" என்று ஒருவரைக் கேட்டு, பிறகு கணக்கிட்டால் அது இந்திய நேரப்படி மறுநாள் அதிகாலை இரண்டு மணி என்று தெரிய வந்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தேடும்போது மருத்துவர், வழக்கறிஞர், குடும்பம் சம்பந்தப்பட்டது கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2010-இல் முடிவு செய்த வழக்கு ஒன்றில், ஊழியர் கம்பெனி லேப்டாப்பில் தன் யாஹூ கணக்கு வழியாக வழக்கறிஞருக்கு எழுதிய மெயில்கள் லேப்டாப்பில் தங்கிவிட்டன. நிறுவனத் தரப்பு அவற்றைப் படித்தது. லேப்டாப் கம்பெனியுடையது என்பதால் வழக்கறிஞர்–கட்சிக்காரர் ரகசியம் போய்விடாது என்றது நீதிமன்றம்.

இவ்வளவும் செய்த பிறகு அவரிடம் கேளுங்கள். வீட்டில் உட்கார்ந்து வேலை முடிக்கத் தன் ஜிமெயிலுக்கு அனுப்பியிருப்பார் என்பதே பல நேரம் பதிலாக இருக்கும். அது விதிமீறலாக இருக்கலாம், திருட்டாகாது. உண்மையிலேயே விற்கிறவர் பெரும்பாலும் நிறுவன மெயிலைத் தொடமாட்டார். திரையைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். மெயில் கண்காணிப்பில் சிக்குபவர் அசட்டையானவர் மட்டுமே. விலைப்பட்டியலை யார் யார் திறக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துவதற்கு ஈடாக எந்தக் கண்காணிப்பும் வராது.

கீ அடிப்பதையெல்லாம் பதிவு செய்யும் மென்பொருள் போட்டால் இந்தச் சுற்றெல்லாம் வேண்டாமே?

அது ஊழியரின் வங்கிப் பாஸ்வேர்டையும் பதிவு செய்யும். அவர் பணம் நாளைக்குக் காணாமல் போனால் முதல் சந்தேகம் உங்கள் மேல். வேண்டவே வேண்டாம்.

நான் ஊழியர். மதிய இடைவேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இன்காக்னிட்டோவில் என் ஜிமெயில் பார்ப்பேன். அவர்களுக்குத் தெரியுமா?

இன்காக்னிட்டோ அந்தக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. நீங்கள் ஜிமெயில் தளத்துக்குப் போனது நெட்வொர்க்கில் தெரியும். உள்ளே என்ன படித்தீர்கள் என்பது சாதாரணமாகத் தெரியாது, இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால். ஆனால் நிறுவனம் தன் சொந்த ரூட் சான்றிதழை (எந்தத் தளத்தை நம்பலாம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது) அந்தக் கம்ப்யூட்டரில் நிறுவியிருந்தால் நடுவில் நின்று படிக்க முடியும். முகவரிப் பட்டையில் முகவரிக்கு முன்னால் இருக்கும் குறியை (சில பிரவுசரில் பூட்டு) சொடுக்கி, சான்றிதழை வழங்கியது யார் என்று பாருங்கள். கூகுளுக்குப் பதில் உங்கள் நிறுவனப் பெயரோ ஃபயர்வால் பெயரோ இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

போனிலும் டேட்டாவிலும் பார்த்துக்கொள்வதே நிம்மதி. உங்கள் ஆண்ட்ராய்ட் போனில் ஆபீஸ் மெயில் போடச் சொன்னால் 'வொர்க் புரொஃபைல்' முறையில் போடச் சொல்லுங்கள். நிறுவனம் அழித்தால் அந்தப் பகுதி மட்டும் அழியும், உங்கள் படங்கள் தப்பிக்கும்.

வாடிக்கையாளர் பணத்தை வேறொரு வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டார். எங்கள் முகவரியிலிருந்துதான் புதுக் கணக்கு எண் வந்ததாம். கணக்குப் பிரிவுப் பெண் அனுப்பவே இல்லை என்று அழுகிறார். அவர் மெயிலைச் சோதிக்கலாமா?

சோதிக்கலாம், சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் அவரைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டு ஆரம்பிக்காதீர்கள், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சோதியுங்கள். அதற்கும் முன்னால் வாடிக்கையாளர் தன் வங்கியைப் போனில் கூப்பிட்டுப் பணத்தை நிறுத்தச் சொல்லட்டும். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

வாடிக்கையாளரிடம் அந்த மெயிலை இஎம்எல் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். பல சமயம் அது உங்கள் முகவரியே அல்ல. ஆங்கில 'எம்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்ட டொமைனாக இருக்கும், அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது. முகவரி சரியாக இருந்து, 'ரிப்ளை டு' வரியில் (பதில் போக வேண்டிய முகவரி) மட்டும் வேறு முகவரி இருப்பதும் உண்டு.

உங்கள் முகவரியிலிருந்தேதான் போயிருக்கிறது என்றால், உள்ளே யாரோ நுழைந்திருக்கிறார்கள். முதலில் மெயில் விதிகளைப் பாருங்கள். நுழைந்தவர்கள், "இன்வாய்ஸ், பேமெண்ட் என்ற சொல் இருந்தால் படித்ததாகக் குறித்து ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குத் தள்ளு" என்று ஒரு விதி எழுதி, அதற்கு வெறும் ஒரு புள்ளியைப் பெயராக வைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பெண் வாடிக்கையாளரின் பதில்களைப் பார்க்காததற்கு அதுவே காரணம். இதையெல்லாம் படமெடுத்து வைத்துக்கொண்டு, நுழைவுப் பதிவில் எந்த நாட்டிலிருந்து எப்போது நுழைந்தார்கள் என்று பார்த்து அதையும் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, எல்லா இடத்திலும் லாக் அவுட் செய்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பாஸ்வேர்ட் மாற்றினால் மட்டும் அந்த விதியும் ஃபார்வர்டிங்கும் போய்விடாது. அவற்றைக் கையால் நீக்க வேண்டும். இணைக்கப்பட்ட வெளிச் செயலிகளையும் ஒரு முறை பாருங்கள்.

ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். கடைசி நாளில் மெயில் கணக்கை நீக்கிவிடலாமா?

நீக்காதீர்கள். கூகுளில் நீக்கிய கணக்கை 20 நாளுக்குள், மைக்ரோசாஃப்ட்டில் 30 நாளுக்குள் மீட்கலாம். வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு மாதம் கழித்துத்தான் "உங்கள் ஆளுக்கு எழுதினேனே" என்பார்.

கணக்கை முடக்குவதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. மைக்ரோசாஃப்ட்டில் நுழைவைத் தடுத்தாலும் மெயில் வந்துகொண்டிருக்கும். பெட்டியைப் பகிர்ந்த மெயில்பாக்ஸாக மாற்றி, அதே இடத்துக்கு வருகிறவருக்கு அனுமதி கொடுத்துவிட்டு, மாற்றம் முடிந்ததை உறுதி செய்த பிறகு லைசென்ஸை எடுங்கள். கூகுளில் 'சஸ்பெண்ட்' செய்தால் புது மெயில் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பும். ஆகவே அங்கே பாஸ்வேர்டை மாற்றி, மீட்புப் போன் எண்ணையும் மீட்பு மெயிலையும் நீக்கி, தானியங்கிப் பதில் வைத்து, கணக்கை மூன்று மாதம் உயிரோடு வையுங்கள்.

போகிறவருக்குக் கடைசி வாரத்தில் அரை மணி நேரம் கொடுத்துச் சொந்த மெயில்களை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரம் பிற்பாடு நிறைய மனஸ்தாபத்தை மிச்சப்படுத்தும்.

எல்லாரும் மறப்பது இன்னொன்று: டொமைன் புதுப்பிப்பு, வங்கி, விளம்பரக் கணக்கு, கூரியர் என எத்தனை சேவைகளை அந்த முகவரியில் பதிவு செய்திருக்கிறார் என்பது. அவர் இருக்கும்போதே, அவரையே உட்கார வைத்து, மெயிலில் 'வெரிஃபை', 'வெல்கம்', 'பாஸ்வேர்ட் ரீசெட்' என்று தேடிப் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றையும் வேலையின் பெயரிலுள்ள முகவரிக்கு மாற்றுங்கள்.

எங்கள் கம்ப்யூட்டர் ஆளிடம்தான் அட்மின் பாஸ்வேர்ட் இருக்கிறது. அவர் என் மெயிலையும் படிக்க முடியுமா?

முடியும். உங்கள் பாஸ்வேர்டை மாற்றலாம், உங்கள் பெட்டிக்குத் தனக்கே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம், வால்டில் தேடலாம். தடயம் மட்டும் இருக்கும். கூகுள் வால்டில் செய்யும் தேடல்கள் தணிக்கைப் பதிவில் ஏறும். மைக்ரோசாஃப்ட்டில் மெயில்பாக்ஸ் தணிக்கை இயல்பாகவே இயங்கும், சாதாரணத் திட்டத்தில் 180 நாள் இருக்கும்.

முழு அதிகாரம் கொண்ட அட்மின் கணக்கு இரண்டு இருக்கட்டும், அதில் ஒன்று உங்களுடையது. கம்ப்யூட்டர் ஆளின் தினசரி வேலைக்குப் பயனர் சேர்ப்பது, பாஸ்வேர்ட் மாற்றுவது மட்டும் முடிகிற சிறிய அதிகாரம் போதும், வால்ட் அனுமதி அதில் வேண்டாம். புது அட்மின் சேர்ந்தாலோ, ஒருவர் பெட்டிக்கு இன்னொருவருக்கு அனுமதி தரப்பட்டாலோ உங்களுக்குத் தகவல் வரும்படி எச்சரிக்கை வைக்கச் சொல்லுங்கள். வைத்த கையோடு அவரையே ஒரு சோதனைப் பெட்டிக்கு அனுமதி கொடுக்கச் சொல்லி, உங்கள் போனில் மணி அடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.